ஆடு எட்டாத பாறை

ஸ்க்ரப்வுட் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குத்துச்செடி. தென் அட்லாண்டிக் கடலின் நடுவே இருக்கும் செயின்ட் ஹெலினா தீவைத் தவிர உலகில் வேறெங்கும் அது தானாக முளைப்பதில்லை. அந்தத் தீவிலும் எல்லா இடத்திலும் கிடையாது. கடலைப் பார்த்து நிற்கும் வறண்ட பாறைச் சரிவுகளில்தான் உண்டு. இடுப்புயரத்தைத் தாண்டுவது அபூர்வம். காற்று சீவி விட்டது போன்ற உருண்டைத் தலை, கிளை நுனிகளில் நெருக்கியடித்த தடித்த இலைகள், இலை முழுக்கச் சுருக்கம். தாவரவியல் ஏட்டில் காமிடென்ட்ரம் ருகோசம் என்று பெயர். முதற்சொல்லுக்குக் கோந்து மரம் என்றும் இரண்டாவதற்குச் சுருக்கமுள்ளது என்றும் பொருள். பூ வெள்ளை, முதிர முதிரச் சிவந்து, பிறகு பழுப்பாகும். ஒரே செடியில் மூன்று நிறப் பூக்களைப் பார்ப்பவர்கள் மூன்று செடிகள் பின்னிக் கிடப்பதாக முதலில் நினைப்பதுண்டு.

சூரியகாந்திக் குடும்பம் என்றால் தமிழ்நாட்டு வாசகருக்கு நினைவில் வருபவை சாமந்தி, கரிசலாங்கண்ணி, வரப்போரத்து மூக்குத்திப்பூ, வேண்டாத விருந்தாளியாகப் பார்த்தீனியம். பெரும்பாலும் காலடியில் கிடக்கும் பூண்டுகள். இந்தக் குடும்பத்தில் பூ என்று கண்ணுக்குத் தெரிவது ஒற்றைப் பூவல்ல. ஒரே தட்டில் உட்கார்ந்த நுண்பூக்களின் கூட்டம். ஒவ்வொரு நுண்பூவும் ஒரு விதை தரும். பல இனங்களில் அந்த விதைக்கு மயிர்க்குஞ்சம் உண்டு. மூக்குத்திப்பூவின் குஞ்சத்தை ஊதிப் பறக்க விடாத கிராமத்துப் பிள்ளை இருக்க முடியாது. கடல் கடந்து தீவுகளுக்குப் போய்ச் சேரும் செடிகளில் இந்தக் குடும்பம் முன்வரிசையில் நிற்பதற்கு அந்தக் குஞ்சமும் ஒரு காரணம்.

செயின்ட் ஹெலினாவில் அந்தக் குடும்பம் மரமாகிவிட்டது. தீவுக்கே உரிய எட்டு இனங்கள் கட்டையும் கிளையுமாக வளர்கின்றன: ஸ்க்ரப்வுட்டையும் சேர்த்து காமிடென்ட்ரம் நான்கு, ‘முட்டைக்கோஸ் மரம்’ என்று தீவார் சொல்லும் மூன்று, வெள்ளைமரம் ஒன்று. மரபணு ஆய்வில் காமிடென்ட்ரங்களுக்கும் கறுப்பு முட்டைக்கோஸ் மரத்துக்கும் நெருங்கிய உறவாகத் தெரிவது தென்னாப்பிரிக்காவின் ஃபெலிசியா என்ற சிறு டெய்சி. மற்றவை வேறு கிளைகளிலிருந்து தனித்தனியாக வந்தவை. வெவ்வேறு காலத்தில் வந்து இறங்கிய குறைந்தது மூன்று டெய்சிகள் இங்கே ஒரே வழியில் போய்க் கட்டை பிடித்திருக்கின்றன. ஏன் என்ற கேள்விக்கு டார்வின் சொன்ன விடை, போட்டி. பெருமரங்களின் கனத்த விதைகள் கடலைத் தாண்டுவதில்லை. மரமே இல்லாத தீவில் பூண்டுகளுக்குள் எது கொஞ்சம் உயர்கிறதோ அதற்கு வெயில் கிடைக்கும், தலைமுறை தலைமுறையாக உயரம் சேரும். வாலஸ் வேறு விடை சொன்னார்: பூச்சிகள் குறைந்த இடத்தில் நீண்ட நாள் உயிரோடிருந்து பூத்துக்கொண்டே இருப்பதுதான் வம்சம் தழைக்க வழி, நீண்ட நாள் இருக்கக் கட்டை வேண்டும். இரண்டுமே சரியாக இருக்கலாம். எப்படியானாலும் யானையோ மானோ ஆடோ மேயாத இடத்தில் வளர்ந்த மரங்கள் இவை. முள் இல்லை.

தமிழ்நாட்டில் ஆடாதோடை என்ற செடிக்கு, ஆடு தொடாத இலை என்பதால் அந்தப் பெயர் என்று காரணம் சொல்வார்கள். ஸ்க்ரப்வுட் ஆடு தொடாத இலை அல்ல. ஆடு எட்டாத பாறையில் நின்றதால் பிழைத்த இலை. செயின்ட் ஹெலினாவில் ஒரு செடி எங்கே வளர்கிறது என்பதற்குப் பாதி விடை மண்ணிலும் மழையிலும் இருக்கிறது. மறுபாதி ஆடு எங்கே ஏறவில்லை என்பதில் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து புறப்பட்டு உச்சி ஏறி மறுகோடிச் செங்குத்துப் பாறைக்கு இறங்கும் பயணத்தில் இந்த மறுபாதியை வரிசையாகப் படிக்க முடியும். தீவின் பரப்பு 122 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சிப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கடலிலிருந்து பார்த்தால் பச்சை என்பதே தெரியாது. கருமையும் செம்மண் நிறமுமாக எரிமலைப் பாறை நேராகக் கடலில் இறங்குகிறது. இரண்டு மொட்டை மலைகளுக்கு நடுவே ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள் ஒரே தெருவாக ஜேம்ஸ்டவுன். வெள்ளையடித்த கோட்டைச் சுவர், 18ஆம் நூற்றாண்டு மாடி வீடுகள், மலைமேல் ஏறும் 699 படிகள். தெருவின் மேல்முனையில் நிற்கும் பெரிய நிழல் மரங்களுக்குத் தீவார் சொல்லும் பெயர் பீப்பல். வட இந்தியாவில் அரசமரத்துக்கு உள்ள பெயர். இந்த மரங்களின் அடியில்தான் ஒரு காலத்தில் அடிமைகளை ஏலம் விட்டார்கள். கிளைகளில் மைனாக்கள் கூச்சலிடுகின்றன, அசல் இந்திய மைனா. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுவந்து விட்டவை. வீடுகளில் ‘ப்லோ’ என்று ஒன்று சமைக்கிறார்கள். அரிசியும் இறைச்சியும் கறித்தூளும் ஒரே பாத்திரத்தில் வெந்த அந்தச் சோறு புலாவின் தேய்ந்த பெயர் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியா இவ்வளவு தூரத்தில் இப்படி ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காற்று காரணம். பாய்மரக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்குப் போகும் கப்பல்கள் பிரேசில் பக்கமாக வளைந்து போகும். செயின்ட் ஹெலினா வழியில் வராது. திரும்பும்போது ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியதும் தென்கிழக்கு வியாபாரக் காற்று கப்பலை நேராக இந்தத் தீவை நோக்கித் தள்ளும். ஆகவே இது இந்தியாவிலிருந்து திரும்புகிறவர்களின் தீவு. 1502ல் இதைக் கண்டதாக வரலாறு சொல்லும் ஜோவா ட நோவா, கண்ணூர்ப் பக்கம் சண்டை போட்டுவிட்டு மிளகோடு போர்ச்சுகல் திரும்பிக்கொண்டிருந்தவர். முதல் குடியிருப்பாளர் ஃபெர்னாவ் லோப்பஸ், கோவாவில் பிஜப்பூர்ப் படையோடு சேர்ந்துகொண்ட குற்றத்துக்காக மூக்கும் காதும் வலக்கையும் இடக்கைப் பெருவிரலும் வெட்டப்பட்ட போர்ச்சுகீசியச் சிப்பாய். ஊர் திரும்ப மனமில்லாமல் இங்கே இறங்கித் தனியாக வாழ்ந்தார். மைசூர்ப் போரில் பெயர் எடுத்த வெல்லஸ்லி, பின்னாளைய வெலிங்டன் பிரபு, 1805ல் திரும்பும் வழியில் இங்கே தங்கினார். பத்தாண்டு கழித்து அவரிடம் தோற்ற நெப்போலியன் கைதியாக வந்து சேர்ந்தார்.

திரும்பும் கப்பலில் இருப்பவர்கள் பல் ஈறு வீங்கிச் சாகும் நிலையில் இருப்பார்கள். அவர்களுக்கு நல்ல தண்ணீர், கீரை, புது இறைச்சி வேண்டும். போர்ச்சுகீசியர் அதற்காகவே ஆடுகளை இறக்கிவிட்டுப் போனார்கள். நாய் நரி எதுவும் இல்லாத மலையில் ஆடு பெருகக் கேட்கவா வேண்டும்? 1588ல் வந்த ஆங்கிலேயக் கடலோடி தாமஸ் காவண்டிஷ், ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்கு மந்தை நின்றதைக் கண்டார். கிழக்கிந்தியக் கம்பெனி தீவைப் பிடித்தது 1659ல். அதற்குள் ஆடுகள் நூறாண்டுக்கும் மேலாக அங்கே குடியிருந்தன.

ஜேம்ஸ்டவுனிலிருந்து கிழக்கே மலைவிளிம்பில் ஏறும் சாலையில் முதல் அரை மணி நேரமும் வறட்சிதான். இருபுறமும் சப்பாத்திக்கள்ளி. தீவார் அதை டங்கி என்பார்கள், பழத்திலிருந்து சாராயம் வடிப்பதும் உண்டு. நெப்போலியன் முதல் சில வாரங்கள் தங்கிய பிரையர்ஸ் தோட்டத்தைத் தாண்டி மேடேறியதும் காற்று ஈரமாகிறது, புல்வெளி வருகிறது, மைலுக்கு மைல் ஊர்ப்பெயர்ப் பலகைகள் வருகின்றன. லாங்வுட்: நீண்ட காடு. டெட்வுட்: செத்த காடு. சுற்றிலும் பார்த்தால் புல்லும் காற்றாலைகளும்தான். பெயர் வைத்தவர்கள் கண்ணால் கண்டதைத்தான் வைத்திருக்கிறார்கள். இந்த மேட்டுச் சமவெளி முழுவதும் ஸ்க்ரப்வுட்டின் அண்ணனான கம்வுட் மரங்கள் நிறைந்த பெருங்காடாக இருந்தது. டார்வின் தந்திருக்கும் மதிப்பு 2,000 ஏக்கருக்குக் குறையாது என்பது.

கம்வுட் எட்டு மீட்டர் வரை வளரும், குடைபோலக் கவிந்த மரம். சாம்பல் பூத்த இலைகள் கிளை நுனியில் மட்டும் கொத்தாக நிற்கும். தண்டிலிருந்து இனிப்பான சாறு வடியும். பழைய தீவார் குப்பியைக் கட்டிவிட்டு அதைப் பிடித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் டாடி. பனங்கள்ளுக்கு இந்தியாவில் வெள்ளைக்காரர் பழகிய அதே சொல். கம்பெனிக் கப்பல் எதையெல்லாம் ஏற்றி இறக்கியது என்ற பட்டியலில் இந்தச் சொல்லையும் சேர்க்க வேண்டும்.

காடு எப்படிச் செத்தது என்பது கம்பெனிப் பதிவேடுகளில் ஆண்டுவாரியாக இருக்கிறது. ஆடு முதிர்ந்த மரத்தை ஒன்றும் செய்வதில்லை. கீழே முளைக்கும் கன்றைத் தின்கிறது, அவ்வளவுதான். மரங்கள் நின்றுகொண்டே இருக்கும். பார்ப்பவருக்குக் காடு காடாகவே தெரியும். பிள்ளைகள் இல்லாமல் கிழவர்கள் மட்டும் மிஞ்சிய கிராமம் தூரத்திலிருந்து கிராமமாகவே தெரிவதைப் போல. பிறகு ஒரு தலைமுறைக்குள் கிழவர்கள் எல்லாரும் சேர்ந்து போய்ச் சேருவார்கள். 1716ல் மரங்கள் ஏராளம், 1724ல் பழைய மரங்களில் பெரும்பாலானவை விழுந்துவிட்டன. 1731ல் திரியும் ஆடு மாடுகளை அழிக்க உத்தரவு வந்தது. ஆடு மட்டும் தனியாகச் செய்த வேலையும் அல்ல. சாராயம் காய்ச்ச விறகு, சுண்ணாம்பு சுட விறகு, தோல் பதனிட மரப்பட்டை. பட்டையை உரித்துக்கொண்டு மரத்தை அப்படியே சாக விட்டுப் போவார்கள். 1745ல் கருங்காலி மரங்களைக் காக்க ஆடுகளைக் கொல்ல வேண்டும் என்று தீவின் ஆளுநர் எழுதியதற்கு லண்டன் இயக்குநர்கள் அனுப்பிய பதில், கருங்காலியைவிட ஆடு பயனுள்ளது என்பது. கணக்குப் பிள்ளையின் விடை; அந்த ஆண்டுக் கணக்குக்குச் சரியான விடையும்கூட.

1815 டிசம்பரிலிருந்து, 1821 மே 5ல் இறக்கும் வரை நெப்போலியன் இருந்தது இந்த மேட்டில்தான். உடனிருந்த பிரெஞ்சுக்காரர்களின் குறிப்புகளில் கம்வுட் மரம் வருகிறது, நல்ல வார்த்தையோடு அல்ல. காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து நிழலும் தராமல் நின்ற கடைசிக் கிழவர்களைத்தான் அவர்கள் பார்த்தார்கள். டெட்வுட் சமவெளியில் 1900 முதல் ஆயிரக்கணக்கான போயர் போர்க்கைதிகள் கூடாரமடித்து இருந்தார்கள். இப்போது அங்கே கால்நடைகளுக்கு நடுவில் தீவுக்கே உரிய உப்புக்கொத்தி ஒன்று ஓடித் திரிகிறது. கம்பி போன்ற மெலிந்த கால்களால் வயர்பேர்ட் என்று பெயர். காடு அழிந்ததால் ஆதாயம் அடைந்த ஒரே தீவுவாசி அதுவாக இருக்கலாம்.

காட்டோடு போனவற்றின் கணக்கு பெரிது. 1836 ஜூலையில் வந்த டார்வின், மேட்டு நிலத்து மண்ணில் புதைந்திருந்த நத்தை ஓடுகளைப் பொறுக்கி எடுத்தார். கடல் சிப்பி என்று பலர் நினைத்திருந்த அவை தரை நத்தைகளின் ஓடுகள். உயிரோடு ஒன்றும் அகப்படவில்லை. காடு போனதும் நத்தை போயிற்று என்று அவர் எழுதினார். ஹார்ஸ் பாயின்ட் என்ற கிழக்கு முனையில் எட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள, உலகிலேயே மிகப் பெரிய இடுக்கிப்பூச்சி வாழ்ந்தது. 1967க்குப் பிறகு அதை உயிரோடு கண்டவர் இல்லை. 2014ல் அழிந்ததாக அறிவித்தார்கள்.

அதே ஹார்ஸ் பாயின்டில் இப்போது வரிசை வரிசையாக இளம் கம்வுட் மரங்கள் நிற்கின்றன. 2000ல் தொடங்கிய மிலேனியம் காடு இது. வீட்டுக்கு வீடு காசு போட்டுத் தங்கள் பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும் மரம் வாங்கினார்கள். அரித்துப் போன தரையில் ஆயிரக்கணக்கில் நட்டார்கள். வறட்சியும் முயலும் நிறையத் தின்றன. சில மரங்கள் இருபது வயதைத் தாண்டியும் தோள் உயரத்தில் நிற்கின்றன, சில தலைக்கு மேல் குடை விரித்துவிட்டன. காட்டின் சத்தம் இன்னும் வரவில்லை. ஆனால் நிழலில் குனிந்து பார்த்தால் சருகுக்கு நடுவே நடாமல் தானாக முளைத்த கன்றுகள் கிடைக்கும். சுண்டுவிரல் உயரம், இரண்டு ஜோடி இலை.

மேட்டிலிருந்து சாலை தீவின் முதுகெலும்பை நோக்கி ஏறுகிறது. டயானா சிகரம் ஏறத்தாழ 820 மீட்டர். ஊட்டியோடு ஒப்பிட்டால் மேடு என்றுகூடச் சொல்ல மாட்டார்கள்; ஆனால் கடற்காற்று நேராக வந்து மோதுவதால் வருடத்தில் பெரும்பகுதி மேகம் இங்கேயே குடியிருக்கிறது. பாதை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த ஒரு வாள் இலைச் செடிக்குள் நுழைந்து போகிறது. பார்த்தால் தாழைபோல. நியூசிலாந்துச் சணல் அது. 1907லிருந்து தீவின் ஒரே பெரிய தொழில் அதன் நாரிலிருந்து கயிறு திரிப்பதாக இருந்தது. கயிற்றின் முக்கிய வாடிக்கையாளர் பிரிட்டிஷ் தபால் துறை. 1960களின் நடுவில் தபால் துறை செயற்கை நூலுக்கு மாறியதும் ஆலைகள் மூடின. நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் தீவில் ஒரு தொழிலே போயிற்று. சணல் மட்டும் போகவில்லை. ஆடு ஏற முடியாத உச்சியில் பிழைத்திருந்த காட்டைச் சணல் மூன்று பக்கமும் நெருக்கிவிட்டது.

மிச்சமிருக்கும் காடு முகட்டை ஒட்டிய ஒரு பட்டை. அதற்குள் கால் வைத்தால் மரமெல்லாம் நனைந்து சொட்டுகிறது. மரப்பெரணிகள் குடை விரித்திருக்க, நடுநடுவே கறுப்பு முட்டைக்கோஸ் மரம்: கரிய கிளை, பளபளக்கும் இலை, கிளை நுனியில் வெள்ளை டெய்சிகளின் கொத்து. பெயருக்குக் காரணம் நுனியில் உருண்டு கிடக்கும் இளந்தளிர்க் கொத்து, சமைக்க உதவாது. கூடவே ஆண் முட்டைக்கோஸ், பெண் முட்டைக்கோஸ் என்று இரண்டு மரங்கள். அவை ஒன்றுக்கொன்று ஆணும் பெண்ணும் அல்ல, தனித்தனி இனங்கள். யாரோ பெயரிட்டுவிட்டார்கள், நின்றுவிட்டது. கிளைப் பாசியை விலக்கினால் உடம்பெங்கும் முள் நீட்டிய மஞ்சள் நிற மரப்பேன் ஒன்று தென்படலாம். பட்டாணியைவிடச் சிறியது, உலகில் இந்த முகட்டில் மட்டும் இருப்பது. இலைகளில் படியும் மூடுபனி சொட்டித்தான் தீவின் ஊற்றுகள் பிழைக்கின்றன. குடிநீருக்காகவாவது சணலை வெட்டி மரம் நட வேண்டும் என்று தீவு முடிவு செய்திருக்கிறது. வெட்டிய சணல் உரம்போல மக்கிக் கிடக்க, அதன் நடுவில் குச்சி ஊன்றிய கன்றுகள்.

உச்சியிலிருந்து தெற்கே பார்த்தால் சான்டி பே பள்ளத்தாக்கு, ஒரு பழைய எரிமலையின் உடைந்த வாய். மேற்பாதி பச்சை, கீழ்ப்பாதி ஊதா, காவி, சாம்பல் நிற மண். நடுவே லோத்து, லோத்தின் மனைவி என்று விவிலியப் பெயரிட்ட இரண்டு பாறைத் தூண்கள். இந்த அழகைப் படம் எடுக்காதவர் இல்லை. அந்த நிறங்களெல்லாம் மேல்மண் கழுவிப் போனபின் தெரியும் அடிமண்ணின் நிறங்கள்.

இந்தத் தீவின் செடிகளை முதலில் ஒழுங்காகப் பார்த்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். வில்லியம் பர்ச்செல் 1805 முதல் 1810 வரை இங்கே பள்ளிக்கூட ஆசிரியராகவும் பிறகு கம்பெனியின் தாவரவியலாளராகவும் இருந்தார். அவரை மணக்க இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய பெண், இறங்கும்போது கப்பல் கேப்டனை மணக்க முடிவு செய்திருந்தார். பர்ச்செல் கடைசிவரை மணம் செய்யவில்லை. காமிடென்ட்ரம் என்ற பெயர் அவர் சூட்டியது. இரண்டாமவர் தமிழ் வாசகருக்கு இன்னும் பக்கத்தில் உள்ளவர்: வில்லியம் ராக்ஸ்பரோ. சென்னை ராஜதானியில் மருத்துவராக வேலைக்குச் சேர்ந்து, சோழமண்டலக் கரையின் செடிகளைப் படத்தோடு பெருநூலாக்கி, பிறகு கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை நடத்தியவர். உடல் நலிந்து ஊர் திரும்பும் வழியில் 1813ல் இங்கே இறங்கினார்; இறங்கியவர் சும்மா இருக்கவில்லை, தீவின் செடிகளுக்கெல்லாம் பட்டியல் எழுதினார். அதை 1816ல் தன் நூலில் சேர்த்து அச்சிட்டவர் தீவின் முன்னாள் ஆளுநர் அலெக்சாண்டர் பீட்சன். அவரும் சென்னைப் படையிலிருந்து வந்தவர்தான். ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்து, திப்புவோடு நடந்த போரைப் பற்றி நூல் எழுதியவர். ஆட்டின் கதையை ஆவணங்களிலிருந்து தொகுத்தவரும் அவரே. டார்வின் எடுத்தாண்டது பீட்சனின் கணக்கைத்தான். தீவில் காணும் 746 செடிவகைகளில் 52 மட்டுமே மண்ணுக்குரியவை என்று டார்வின் எழுதியிருக்கிறார். மற்றவை கப்பலில் வந்தவை.

முகட்டின் மேற்குச் சரிவில் பீக் டேல். இங்கேதான் நட்டு வளர்க்காத பழைய கம்வுட் காட்டின் பெரிய துண்டு இருக்கிறது. துண்டு என்றால் ஏறத்தாழ 2,000 மரம். 1991 வாக்கில் இந்த மரங்களின் கிளைகள் வெள்ளை மாவு பூசியது போலாகிப் பின் கரும்புகை படிந்து காய ஆரம்பித்தன. தென் அமெரிக்காவிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த ஜக்கராண்டாப் பூச்சி அது; உண்ணிச்செடியை விரும்பி உறிஞ்சும் சாற்றுப்பூச்சி. நூற்றுக்கும் மேற்பட்ட மரங்கள் செத்தன. இன்னும் சில வருடம் போனால் தீவின் தேசிய மரம் காட்டில் ஒன்றும் மிஞ்சாது என்ற நிலை. மருந்தடித்தால் மரத்தில் வாழும் தீவுக்கே உரிய மற்றப் பூச்சிகளும் சாகும். 1993ல் கென்யாவிலிருந்து ஒரு பொறிவண்டைத் தருவித்து, கூண்டில் பெருக்கி, மரத்தில் விட்டார்கள். அந்த வண்டும் பயணிதான்: மெக்சிகோவிலிருந்து ஹவாய்க்கும், ஹவாயிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும், அங்கிருந்து இங்கேயும். சாற்றுப்பூச்சி மந்தையின் நடுவிலேயே முட்டையிட்டு, அதையே தின்று வளரும். இரண்டே வருடத்தில் பூச்சி அடங்கிற்று. தீவுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்த உயிர்களில் நினைத்த வேலையை மட்டும் செய்துவிட்டு நின்றவை மிகச் சில. ஆடு முதல் சணல் வரை பார்த்து வந்தவருக்கு அந்தப் பொறிவண்டின் மேல் ஒரு மரியாதை வருவது இயல்பு.

காமிடென்ட்ரத்தின் மற்ற இரு உறவினர்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ஒன்று போலி கம்வுட். காட்டில் சில மரங்களே. மற்றொன்றுக்கு ஆங்கிலப் பெயரே வசைச் சொல், பாஸ்டர்ட் கம்வுட். 19ஆம் நூற்றாண்டோடு முடிந்தது என்று எழுதப்பட்ட அந்த மரம் 1982ல் ஹார்ஸ் பாஸ்ச்சர் என்ற சரிவில் ஒற்றையாக நிற்கக் கண்டார்கள். நான்கே வருடத்தில் அது விழுந்தது. எடுத்து வைத்திருந்த விதையிலிருந்து சில கன்றுகள் எழுந்தன. 2009ல் ஒரு பாறை விளிம்பில் இன்னொன்று கிடைத்தது. இந்த இனம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. ஒற்றை மரத்தின் விதை பெரும்பாலும் பதர். பக்கத்தில் கம்வுட் இருந்தால் அதன் மகரந்தம் கலந்து கலப்பினம் பிறக்கும். அதனால் பூவை மூடிக் கட்டி, தூரிகையால் மகரந்தம் தொட்டு வைத்து, விதையை எண்ணி எடுக்கிறார்கள். தென்னையில் கலப்பின விதை எடுப்பவர் செய்யும் வேலைதான்; கயிறு கட்டிக்கொண்டு கடலுக்கு மேல் தொங்கியபடி செய்ய வேண்டியிருந்தது என்பது மட்டும் வித்தியாசம்.

பீக் டேலைத் தாண்டி மேற்கே புளூ ஹில் மேய்ச்சல் நிலம். கல் வீடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, சாலை மண்பாதையாகி, மண்பாதை புல்லில் முடிகிறது. அதற்கப்பால் மேன் அண்ட் ஹார்ஸ் என்ற செங்குத்துப் பாறை. சில நூறு மீட்டர் ஆழத்தில் கடல் வெள்ளையாக நுரைப்பது தெரிகிறது, சத்தம் எட்டுவதில்லை. வால் நீண்ட வெள்ளைப் பறவைகள் பாறைப் பொந்துகளிலிருந்து கீழே விழுந்து பிறகு பறக்கின்றன. ஏறிவரும் காற்றில் உப்பு நாவில் படுகிறது. விளிம்பில், எந்தத் தோட்டக்காரரும் செடி வைக்கத் துணியாத இடத்தில், ஸ்க்ரப்வுட்.

ஒன்றல்ல, சரிவு முழுக்க. உருண்டை உருண்டையாகப் பச்சை மெத்தைகள், மேலே தூவினாற்போல வெள்ளைப் பூ. கூட்டத்தில் தேயிலைச்செடி என்று தீவார் பெயரிட்ட, தேயிலையோடு எந்த உறவும் இல்லாத இன்னொரு தீவுப் புதரும் உண்டு. தரையில் பேபீஸ் டோஸ், குழந்தையின் கால்விரல்போலக் கொழுத்த சின்னஞ்சிறு சிவப்புச் செடி. மூன்றும் இந்தத் தீவின் பிள்ளைகள். இருநூறு முந்நூறு வருடங்கள் இந்த விளிம்பும் இதைப் போன்ற சில விளிம்புகளும்தான் இவற்றின் மொத்த உலகம். விறகுக்கு வெட்டியவர் கையும் இங்கே எட்டவில்லை. 20ஆம் நூற்றாண்டின் பாதிக்குப் பிறகு திரியும் ஆடுகள் ஒழிந்ததும் செடி மெதுவாக விளிம்பிலிருந்து மேலேறத் தொடங்கியிருக்கிறது. பாறைச் செடி என்று நூல்கள் சொல்லி வந்ததில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது: பாறை அதன் சொந்த ஊரின் ஒரு மூலை மட்டுமே, அகதியாக ஒதுங்கிய மூலை.

பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டிய செடி இது. கிளையில் பழைய இலைகளின் தழும்புகள் படிக்கட்டுபோல நெருங்கி இருக்கின்றன. விரற்கடை நீளக் கிளைக்குள் எத்தனையோ இலைகள் வந்து போயிருக்கின்றன. இலை தொட்டால் தோல் செருப்பின் தடிப்பு. சுருக்கத்தின் பள்ளங்களில் உப்புப் பொடி. முற்றிய தலைப்பூ ஒன்றை உதிர்த்தால் உள்ளங்கையில் சீரக அளவில் விதைகள், ஒவ்வொன்றின் தலையிலும் மங்கிய மயிர்க்குஞ்சம். ஊதினால் காற்று அதைக் கடல் பக்கம் கொண்டுபோவதில்லை; பாறையில் மோதி மேலேறும் காற்று, மேய்ச்சல் நிலத்தின் பக்கமாகத் தூக்கி எறிகிறது. அந்தப் பக்கம் முயல் வேலிக்கு உள்ளே, மாட்டுச் சாணம் காய்ந்து கிடக்கும் புல்லோரத்தில், போன மழைக்கு முளைத்த நாலைந்து ஸ்க்ரப்வுட் கன்றுகள் நிற்கின்றன. ஒன்று இப்போதே மொட்டு விட்டிருக்கிறது.